எலும்புக்கு உரம், ஆயுளுக்கு வரமா?

(தோட்ட மக்களுக்கான நலவாழ்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, வெட்டு முடித்து, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய களைப்புத் தீருமுன் இம்மண்டபத்திற்கு வந்திருக்கின்றீர்கள். உங்களோடு உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் அழைத்து வந்திருப்பது நமக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கின்றது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது அவர்களைப் பற்றிய பொருளே ஆகும்.

முதுமையில் எலும்பு வலுவிழக்கின்றது. அதற்கென்று சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளும், வைட்டமின் டி மாத்திரைகளும், சத்துமாவு டின்களும் கடைகளில் கிடைக்கின்றன. சில வேளைகளில் அவை நம் வீட்டு வாசலுக்கே வந்து விடுகின்றன. நாம் சுண்ணாம்புச் சத்து என்று சொல்வதையே மருத்துவர்கள் கால்சியம் என்பர். இவற்றை உண்பதால் முதியோரின் ஆயுள் கூடுமா, அன்றிக் கேடு விளையுமா? இதுவே இன்றைய கேள்வி. இக்கேள்வியை நாமாக எழுப்பவில்லை. ஒரு தாயார் நம்மிடம் கேட்டார்.

ஒரு தாயாரின் கேள்வி

முன்பு ஒரு தோட்டத்தில் கூட்டம் முடிந்து புறப்படும் வேளையில், எழுபத்திரண்டு வயதுடைய மூதாட்டி ஒருவர் நம்மிடம் வந்தார். நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். காண்டாக் கம்பு சுமந்த தோள் சற்றே கூனியிருந்தது. கையிலிருந்த துணிப்பையைத் திறந்து மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மூன்று மாத்திரைப் புட்டிகள். ஒரு மாவு டின். பட்டணத்தில் வேலை செய்யும் மகன் மாதந்தோறும் அனுப்பும் பணத்தில் பெரும்பகுதி அவற்றுக்கே போய்க்கொண்டிருந்தது. விற்க வந்தவர், "இதைச் சாப்பிட்டால் இன்னும் பத்து வருடம் கூடுதலாக இருப்பீர்கள்" என்று சொன்னாராம்.

"தம்பி, நீங்கள் படித்தவர். சொல்லுங்கள். இதைச் சாப்பிட்டால் மெய்யாகவே ஆயுள் கூடுமா?" என்று அவர் கேட்டார்.

வேறு மருந்து ஏதும் உண்கிறாரா என வினவினோம். இரத்த அழுத்தத்திற்கு அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை இரண்டு மாதங்களாக நிறுத்திவிட்டதாகக் கூறினார். "இத்தனை மாத்திரையை வயிறு தாங்குமா? அதனால் அதை விட்டுவிட்டேன்" என்றார்.

நமக்குத் திடுக்கிட்டது. அன்று அவருக்கு முழுமையான விடை கூற நம்மால் இயலவில்லை. பின்னர் படித்தும், மருத்துவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

எலும்பு ஒரு சேமநிதி

முதலில் எலும்பின் இயல்பை அறிவோம். நம் உடலிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் உள்ளது. எஞ்சிய ஒரு பங்கு இரத்தத்திலும் தசைகளிலும் உள்ளது. அந்த ஒரு பங்கு சிறிதாயினும், இதயம் துடிப்பதற்கும் தசைகள் இயங்குவதற்கும் அது இன்றியமையாதது. இரத்தத்தில் அது குறைந்தால் உடல் சும்மா இராது. உடனே எலும்பிலிருந்து எடுத்து ஈடு செய்துகொள்ளும்.

ஆகவே எலும்பை ஊழியர் சேமநிதிக்கு ஒப்பிடலாம். ஏறத்தாழ முப்பது வயது வரை நாம் அதில் சேமிக்கின்றோம். அதன்பின் சேமிப்பைவிட எடுப்பு மிகுதியாகின்றது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பின் சில ஆண்டுகள் இவ்வெடுப்பு மிக விரைவாக நடைபெறும். நிதி கரைந்த நிலையில்தான் சிறு சறுக்கலிலும் எலும்பு முறிகின்றது.

வைட்டமின் டியின் வேலை யாது? உண்ட உணவிலுள்ள கால்சியம் குடலிலிருந்து இரத்தத்தில் சேருவதற்கு அது துணை செய்கின்றது. அது இல்லையேல், உண்ட கால்சியத்தின் பெரும்பகுதி வீணே வெளியேறிவிடும். வெயில் தோலில் படும்போது உடல் தானே இவ்வைட்டமினைச் செய்துகொள்ளும். ஆனால் முதிய தோல் இளமையில் செய்த அளவு செய்வதில்லை. கருநிறத் தோலுக்கு அதே அளவைச் செய்யக் கூடுதலான வெயில் தேவை. வெயில் நிறைந்த நாட்டில் வாழ்ந்தும், நாள் முழுதும் வீட்டினுள்ளேயே இருக்கும் முதியவருக்கு இவ்வைட்டமின் குறைவாக இருப்பது வியப்பன்று.

இதுவரை கூறியதைக் கேட்டவுடன், "அப்படியானால் இரண்டையும் மாத்திரையாக விழுங்கிவிட்டால் போதுமே" என்று தோன்றும். உலகத்து ஆய்வாளர்களுக்கும் அவ்வாறே தோன்றியது. ஆனால் அவர்கள் நம்பியதோடு நில்லாமல் சோதித்தும் பார்த்தனர்.

சோதனை எவ்வாறு நடைபெறுகின்றது?

சோதனை முறையை நமக்கு நன்கு தெரிந்த ஒன்றின் மூலம் விளக்குவோம். 1925ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் புது உரம் ஒன்றைச் சோதிக்க விரும்பியபோது என்ன செய்து வந்தது? ஒரே காட்டைப் பல துண்டுகளாகப் பிரிக்கும். சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல், சில துண்டுகளுக்கு மட்டும் உரமிடும். மற்றவற்றை அப்படியே விடும். பின்னர் இரு பகுதிகளின் பாலையும் நிறுத்துப் பார்க்கும். உரமிட்ட துண்டில் பால் கூடியிருந்தால்தான் உரம் பயன் தந்தது என்று ஒப்புக்கொள்ளும். விற்பவரின் சொல்லை நம்பி எந்த உரத்தையும் ஏற்காது.

மருத்துவ ஆய்வும் இத்தகையதே. ஆயிரக்கணக்கான முதியோரை இரு பிரிவாக்குவர். ஒரு பிரிவுக்கு உண்மையான மாத்திரை. மற்றதற்குத் தோற்றத்தில் அதே போன்ற, சத்தில்லாத மாத்திரை. யார் எதை உண்கிறார் என்பது உண்பவருக்கும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து, எத்தனை பேருக்கு எலும்பு முறிந்தது, எத்தனை பேர் இறந்தனர் என்று கணக்கெடுப்பர்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

1992ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டனர். முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 3,270 மூதாட்டியர் அதில் பங்கு கொண்டனர். சராசரி வயது 84. ஒரு பிரிவினர் நாள்தோறும் 1,200 மில்லிகிராம் கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டியும் உண்டனர். ஒன்றரை ஆண்டில், மாத்திரை உண்டவர்களிடையே இடுப்பெலும்பு முறிவு 43 விழுக்காடு குறைந்தது. உலகமே இதனை வரவேற்றது.

2012ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் தலைமையில் எட்டுப் பெரிய ஆய்வுகளின் கணக்கு ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கப்பட்டது. அவற்றில் பங்கு கொண்டோர் 70,528 பேர், பெரும்பாலோர் பெண்கள், எழுபது வயதை ஒட்டியவர்கள். வைட்டமின் டியையும் கால்சியத்தையும் சேர்த்து உண்டவர்களிடையே மூன்றாண்டுக் காலத்தில் இறப்பு 9 விழுக்காடு குறைவாக இருந்தது. வைட்டமின் டியை மட்டும் தனியாக உண்டவர்களிடம் அத்தகைய பயன் தெளிவாகத் தெரியவில்லை.

9 விழுக்காடு என்றவுடன் பெரிதாகத் தோன்றும். நாம் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களாதலால் கணக்கை விரித்துச் சொல்வோம். 151 முதியோர் மூன்றாண்டுகள் விடாது இவ்விரண்டையும் உண்டால், அவர்களுள் ஒருவரின் இறப்பு அக்காலத்தில் தவிர்க்கப்படும். எஞ்சிய 150 பேருக்கு ஆயுளில் மாற்றமில்லை. நன்மை உண்டு, ஆனால் சிறிது. 'பத்து வருடம் கூடும்' என்ற பேச்சுக்கு இக்கணக்கில் இடமேயில்லை.

இனி மறுபக்கத்தைக் காண்போம். அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையிலான 36,282 பெண்களிடம் பெரியதோர் ஆய்வு நடைபெற்றது. ஒரு பிரிவினர் நாள்தோறும் 1,000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டியும் உண்டனர். ஏழாண்டுகளுக்குப் பின், 2006இல் முடிவு வெளியாயிற்று. எலும்பின் அடர்த்தி சிறிது கூடியது. ஆனால் இடுப்பெலும்பு முறிவு உறுதியாகக் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை. அதே பெண்களை 22 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து, 2024இல் மீண்டும் கணக்கெடுத்தனர். மாத்திரை உண்டவர்களிடையே புற்றுநோயால் நேர்ந்த இறப்பு 7 விழுக்காடு குறைந்தும், இதய, இரத்தக் குழாய் நோய்களால் நேர்ந்த இறப்பு 6 விழுக்காடு கூடியும் இருந்தன. மொத்த இறப்பில் வேறுபாடு இல்லை. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொண்டது போலாயிற்று.

ஆஸ்திரேலியாவில் அறுபது வயதைத் தாண்டிய 21,315 பேருக்கு மாதம் ஒருமுறை வைட்டமின் டி கொடுத்து ஐந்தாண்டுகள் கவனித்தனர். 2022இல் வெளியான அதன் முடிவு, இறப்பு குறையவில்லை என்பதே.

பசித்த மண்ணுக்கே உரம்

ஒரே மருந்து ஓரிடத்தில் பயன் தந்து, மற்றோரிடத்தில் தராமற் போவது ஏன்? விடை உங்களுக்குத் தெரிந்ததே. வலுவிழந்த மண்ணில் உரமிட்டால் மரம் தழைக்கும். வளமிக்க மண்ணில் மேலும் மேலும் கொட்டினால், மழை பெய்ததும் அது வடிகாலில் ஓடிவிடும்.

லியோன் நகரத்து மூதாட்டியர் மிக முதியவர்கள். வெளியே செல்லாதவர்கள், வெயில் காணாதவர்கள். அவர்களின் உடல் பசித்த மண்ணாக இருந்தது, உரம் பலித்தது. அமெரிக்க, ஆஸ்திரேலிய ஆய்வுகளில் பங்கு கொண்டோரில் பலர் நடமாடுபவர்கள். போதிய உணவு உண்பவர்கள். அவர்களுக்கு மாத்திரை பெரிதாக எதையும் சேர்க்கவில்லை.

இதனையொட்டியே 2024ஆம் ஆண்டில் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் ஆலோசனை கூறியது. 75 வயதைக் கடந்தவர்கள் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளலாம் என்றும், அதற்குக் குறைந்த வயதுடைய நலமுள்ளோர் நாளொன்றுக்குரிய சாதாரண அளவுக்கு மேல் உண்ணத் தேவையில்லை என்றும் அது தெரிவித்தது.

ஆகவே, 'இந்த மாத்திரை நல்லதா, கெட்டதா?' என்று கேட்பது சரியன்று. 'இந்த உடம்புக்கு இது தேவைப்படுகின்றதா?' என்று கேட்பதே சரி.

அளவு மிஞ்சினால்

பால் சுரப்பைக் கூட்டும் ஊக்க மருந்தைப் பட்டையில் தடவுவது உங்களுக்குப் பழக்கமானதே. அளவோடு தடவினால் பால் கூடும். ஆசைப்பட்டு அடிக்கடி தடவி, அடிக்கடி வெட்டினால் என்னவாகும்? பட்டை வறண்டு, மரம் பாலே தராமற் போகும். உடலும் அவ்வாறே.

நாம் முன்பு கூறிய அமெரிக்க ஆய்வில், மாத்திரை உண்டவர்களில் 449 பேருக்குச் சிறுநீரகக் கல் உண்டாயிற்று. உண்ணாதவர்களில் 381 பேருக்கு உண்டாயிற்று. ஏறத்தாழப் பதினெட்டாயிரம் பேர் கொண்ட பிரிவில் 68 பேர் அதிகம். எண்ணிக்கை சிறிதாயினும், கல்லின் வலியை அனுபவித்தவருக்கு அது சிறிதன்று.

2010இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள், கால்சியத்தை மட்டும் தனி மாத்திரையாக உண்டவர்களிடம் மாரடைப்பு கூடியிருப்பதாகத் தெரிவித்தனர். மருத்துவ உலகில் இது இன்னும் வாதத்திற்குரியது. மொத்த அளவு நாளொன்றுக்கு 2,000 முதல் 2,500 மில்லிகிராமைத் தாண்டாதவரை இதயத்திற்குக் கேடில்லை என்று அமெரிக்க வல்லுநர்கள் 2016இல் அறிவித்தனர். எனினும், வேண்டாத மாத்திரையை உண்டு அவ்வாதத்தின் நடுவே நாம் ஏன் நிற்க வேண்டும்?

ஒரேயடியாகப் பெரிய அளவு உட்கொள்வதும் தீதே. ஆஸ்திரேலியாவில் எழுபது வயதைக் கடந்த 2,256 பெண்களில் ஒரு பிரிவினருக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 இலட்சம் யூனிட் வைட்டமின் டி கொடுக்கப்பட்டது. 2010இல் வெளியான முடிவு அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. அவர்கள் விழுவதும் கூடியது; எலும்பு முறிவதும் கூடியது. நன்மைக்கென்று கொடுத்ததே கேடாக முடிந்தது.

மாத்திரை யாருக்குத் தேவை?

மிக முதியவர்கள், வீட்டை விட்டு வெளியே வர இயலாதவர்கள், சிறு சறுக்கலிலேயே எலும்பு முறிந்தவர்கள், எலும்பு தேய்வு நோய் என மருத்துவர் கூறியவர்கள், ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்றவற்றுக்காக நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்பவர்கள் ஆகியோர் அவசியம் மருத்துவரைக் கேட்க வேண்டும். அவர்களுக்கு இம்மாத்திரை தேவைப்படலாம். மருத்துவர் கொடுத்திருந்தால், நம் உரையைக் கேட்டுவிட்டு அதனை நிறுத்திவிடலாகாது. இதனை அழுத்தமாகக் கூறுகின்றோம்.

மாறாக, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், முன்பு சிறுநீரகக் கல் கண்டவர்களும் தாமாக வாங்கி உண்ணலாகாது. நம் நாட்டு இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என்பதை 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. நீரிழிவு நெடுநாள் இருந்தால் சிறுநீரகம் பழுதுபடக்கூடும். ஆதலின் நீரிழிவு உள்ளவர்கள் இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவரைக் கேட்ட பின்னரே தொட வேண்டும்.

தைராய்டு மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, சில கிருமிக்கொல்லி மருந்துகள் ஆகியவற்றோடு கால்சியத்தை ஒரே நேரத்தில் விழுங்கினால், அம்மருந்துகள் உடலிற் சேராமல் போகும். சில மணி நேர இடைவெளி வேண்டும். எத்தனை மணி நேரம் என்பதை மருந்து கொடுப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுக்களையே முதல் மருந்தகம்

நாளொன்றுக்கு எவ்வளவு கால்சியம் தேவை? அமெரிக்க மருத்துவக் கழகம் 2010இல் வகுத்தபடி, ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்கு 1,200 மில்லிகிராம். ஆண்களுக்கு எழுபது வயது வரை 1,000, அதற்கு மேல் 1,200. இது உணவு, மாத்திரை இரண்டையும் சேர்த்த மொத்தக் கணக்கு. உணவிலேயே பெரும்பகுதி கிடைத்துவிட்டால் மாத்திரைக்கு வேலையில்லை.

ஒரு பெரிய குவளைப் பாலில் ஏறத்தாழ 300 மில்லிகிராம் உண்டு. தயிரும் மோரும் அவ்வாறே பயன் தரும். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் உண்டு. நம் முன்னோர் குடித்த கேழ்வரகுக் கூழ் ஏழை உணவன்று, எலும்புக்கேற்ற உணவு. கொல்லையில் நிற்கும் முருங்கை மரத்தின் கீரை, முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி, சீனர் கடையில் கிடைக்கும் தவ்வு ஆகியவையும் கால்சியம் நிறைந்தவை. தேநீரில் கலக்கும் இனிப்பான டின் பாலைப் பால் என்று எண்ணி ஏமாற வேண்டா. அதில் நமக்குச் சேர்வது பெரும்பாலும் சீனியே.

சில பெரியவர்கள், "நாங்கள் வெற்றிலையோடு சுண்ணாம்பு போடுகிறோமே, அது போதாதா?" என்று கேட்பதுண்டு. போதாது, அதை மருந்தாகக் கருதவும் கூடாது. பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் வகைப்படுத்தியுள்ளது. புகையிலையும் சேர்ந்தால் தீமை பன்மடங்காகும். புகைபிடித்தலும் சம்சு முதலான மதுவும் எலும்பையும் அரிக்கும் என்பதை ஆண்கள் மறக்கலாகாது.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். பால் வெட்டுவோர் விடியற்காலையில், மரநிழலில், கைநீளச் சட்டையும் தலைத்துணியும் அணிந்து வேலை செய்கின்றனர். காட்டில் வேலை செய்வதால் மட்டும் வெயில் போதுமான அளவு கிடைத்துவிடாது. இளங்காலை வெயில் இதமானது. ஆனால் வைட்டமின் டியைச் செய்யும் வலிமை அதற்குக் குறைவு. வீட்டிலிருக்கும் முதியவர்கள் காலை ஒன்பது, பத்து மணியளவில் முகத்திலும் கைகால்களிலும் வெயில் படும்படி கால் மணி முதல் அரை மணி நேரம், வாரத்தில் சில நாட்கள் வாசலில் அமரலாம். மெல்ல நடந்தால் இன்னும் நன்று. தலைசுற்றும் வரை வெயிலில் நிற்க வேண்டியதில்லை.

விழாமல் காப்பதே ஆயுள் காப்பு

மாத்திரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பெரிய ஆபத்தைக் காணாமல் விட்டுவிடுவோம். இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஏறத்தாழ ஐவருள் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர். பலர் படுக்கையாகி, நெஞ்சில் சளி கட்டியும், படுக்கைப்புண் கண்டும் நலிகின்றனர். அந்த முறிவு பெரும்பாலும் ஒரு வழுக்கலில்தான் தொடங்குகின்றது.

ஆகவே மகன்மாரே, மகள்மாரே, மருமக்களே! இன்று வீடு திரும்பியதும் குளியலறைத் தரையைப் பாருங்கள். பாசி படிந்திருந்தால் தேய்த்துக் கழுவுங்கள். பிடித்துக்கொள்ள ஒரு கம்பியைச் சுவரில் பொருத்துங்கள். வாசற்படிக்கு விளக்குப் போடுங்கள். தேய்ந்த சிலிப்பரை மாற்றிக் கொடுங்கள். கண்ணில் புரை விழுந்திருந்தால் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். தூக்க மருந்தோ, இரத்த அழுத்த மருந்தோ உண்டு தலைசுற்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாலையில் தாத்தாவையும் பாட்டியையும் கோயில் வரை நடத்திச் செல்லுங்கள். நடக்கும் காலில்தான் தசை நிலைக்கும். தசை தாங்கினால் எலும்பு தப்பும்.

வாங்குமுன் பாருங்கள்

மருத்துவர் சொல்லி வாங்க நேர்ந்தால், நம் நாட்டுச் சுகாதார அமைச்சில் பதிவான பொருளா என்று பாருங்கள். 'எம்.ஏ.எல்.' என்ற எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண்ணும் ஒளிரும் முத்திரையும் இருக்க வேண்டும். பதிவு என்பது தரத்தையும் பாதுகாப்பையும் பற்றியதே. ஆயுள் கூடும் என்பதற்கு அது சான்றன்று. புட்டியில் 'கால்சியம் கார்பனேட் 1,250 மில்லிகிராம்' என்றிருந்தால், அதிலுள்ள கால்சியம் 500 மில்லிகிராமே. இத்தகைய மாத்திரையை உணவோடு உண்ண வேண்டும். ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் உண்பதால் பயன் குறைவு. இரண்டு மூன்று புட்டிகளில் ஒரே சத்து வெவ்வேறு பெயரில் இருக்கக்கூடும். எல்லாவற்றையும் பையில் போட்டுக் கிளினிக்கிற்கு எடுத்துச் சென்று காட்டுங்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

அந்தத் தாயாருக்கு நாம் அளித்த விடை

அந்தத் தாயாரை மறுவாரம் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தோம். இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருந்தது. மருத்துவர் முதற்காரியமாக நிறுத்திய மாத்திரையை மீண்டும் தொடங்கி வைத்தார். பின்னர் பையிலிருந்த புட்டிகளைப் பார்த்தார். மூன்றிலும் கால்சியமே இருந்தது. இரத்தமும் சிறுநீரகமும் பரிசோதிக்கப்பட்டன. முழங்கால் வலியால் அவர் வீட்டை விட்டு அதிகம் வெளிவருவதில்லை என்பதும், பால் குடிப்பதில்லை என்பதும் தெரிய வந்தன. ஆகவே குறைந்த அளவில் கால்சியமும் வைட்டமின் டியும் சேர்ந்த ஒரே ஒரு மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மற்றவற்றை ஒதுக்கச் சொன்னார்.

திரும்பி வரும்போது அவர், "அப்படியானால் நான் ஏமாந்துவிட்டேனா, தம்பி?" என்று கேட்டார்.

"முழுதும் இல்லை அம்மா. உங்கள் உடம்புக்கு வேண்டியது கொஞ்சம். நீங்கள் வாங்கியது அதிகம். ஆயுளைக் காக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஆயுளைக் கூட்டுவதாகச் சொன்ன மாத்திரையை உண்டீர்கள். பிழை அதுதான்" என்றோம்.

சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "மகன் அனுப்பும் பணத்தில் இனிப் பால் வாங்கிக்கொள்கிறேன்" என்றார்.

அன்பர்களே! சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டியும் எலும்புக்கு உரம், ஐயமில்லை. குறை உள்ளவருக்கு அவை துணை. ஒரு சிலருக்கு ஆயுளும் சற்று நீளக்கூடும். குறை இல்லாதவருக்கு அவை வீண் செலவு. அளவு மிஞ்சினால் கேடு. உழைத்து ஓய்ந்த நம் பெற்றோருக்கு நாம் அளிக்கக்கூடிய மேலான மருந்து, நல்லதொரு குவளைப் பாலும், வழுக்காத தரையும், மாலையில் கைபிடித்து நடத்திச் செல்லும் பிள்ளையுமே ஆகும். மருத்துவர் கொடுத்த மருந்தை வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பதையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இல்லத்துப் பெரியவர்கள் நலமோடு நெடிது வாழ்க!